கண்டதை எழுதும் கருவி

'அவன் வந்தாள்' என்று ஒரு மாணவர் எழுதினால் ஆசிரியர் உடனே சிவப்பு மையால் கீழ்க்கோடு இடுகிறார். அந்த 'அவன்' யார், எவ்வூரினன், எதற்காக வந்தான் என்பன ஆசிரியருக்குத் தெரிய வேண்டுவதில்லை. எழுவாய் ஆண்பால், பயனிலை பெண்பால், இரண்டும் இயையவில்லை. பிழையைக் காண இவ்வளவே போதும். நன்னூலார் இத்தகைய பிழைகளை எழுவகை வழுவாகப் பகுத்துரைத்தார். கணிப்பொறி நிரலில் நேரும் பிழையையும் இக்காலத் தமிழர் 'வழு' என்றே வழங்குகின்றனர். மிகப் பொருத்தமான பெயர் என்பது என் கருத்து. ஏனெனில் நிரல்களில் நேரும் பிழைகளுள் ஒரு பெரும்பகுதி திணைவழு, பால்வழு போன்றதே. ஒரு வகைப் பொருள் நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு வகைப் பொருள் வந்து நிற்பதால் விளைவது அது.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்வோர் பைத்தான் என்னும் மொழியை அறிவர். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி அது. கற்க எளியது. அவ்வெளிமைக்கு ஒரு காரணம், அம்மொழியில் எந்தப் பெயருக்கும் முன்கூட்டியே வகை அறிவிக்க வேண்டியதில்லை என்பதாகும். 'மதிப்பெண்' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு அதில் 45 என்னும் எண்ணை இடலாம். அடுத்த வரியிலேயே அதில் ஒரு சொல்லை இடலாம். பின்னர் ஒரு பட்டியலையே இடலாம். வகை என்பது பெயரில் இல்லை, அப்போதைக்கு அதில் இருக்கும் பொருளில் இருக்கிறது. இவ்வாறு ஓடும்போதே வகை தீர்மானமாகும் மொழிகளை இயங்குவகை மொழிகள் என்று சொல்லலாம். இடையே ஒரு செய்தி: 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல், பைத்தானில் இப்பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுதலாம். நான் அவ்வாறே எழுதிப் பழகுகிறேன். மாணவர்களும் முயன்று பார்க்கலாம்.

இந்த உரிமையினால் வரும் இடர் யாது? கூட்டற்குறியை எடுத்துக்கொள்வோம். 45, 30 ஆகிய இரண்டும் எண்களாயின் விடை 75. அவ்விரண்டும் விசைப்பலகையில் தட்டச்சு செய்யப்பெற்ற எழுத்துக் கோவைகளாக உள்ளே வந்திருந்தால், பைத்தான் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி 4530 என்று தந்துவிடும். எந்தக் கூக்குரலும் எழாது. ஒன்று எண்ணாகவும் மற்றொன்று எழுத்தாகவும் இருந்தால் மட்டுமே நிரல் 'வகைப்பிழை' என்று கூறி நின்றுவிடும். அதுவும் அந்த வரியை அடைந்த பிறகுதான். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வரியில் அமைந்த பிழை, ஆண்டுக்கு ஒருமுறைதான் தலைகாட்டும்.

பத்து வரி நிரலில் இது ஒரு பொருட்டன்று. எழுதியவர் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பார். ஆனால் ஒரு நிறுவனத்தின் நிரல் பல இலட்சம் வரிகளாகப் பெருகிவிட்ட பிறகு, எழுதியவர்களுட் பலர் வேலையை விட்டுச் சென்றுவிட்ட பிறகு, ஒரு செயற்கூற்றுக்கு எண்ணைத் தர வேண்டுமா, எழுத்தைத் தர வேண்டுமா என்று அறிவதற்கே அரை நாள் ஆய்வு தேவைப்படும். இந்நிலையில்தான் வகைக்குறிப்பு என்பது இன்றியமையாததாயிற்று. செயற்கூற்றின் தலைப்பு வரியிலேயே 'இது பெறுவது எண். இது தருவது எண்' என்று எழுதிவைப்பதே வகைக்குறிப்பு.

பைத்தானில் இதற்கான வரலாறு சுருக்கமானது. குறிப்பெழுத இடம் மட்டும் மூன்றாம் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு இன்ன பொருள் என்று மட்டும் வரையறுக்கப்படவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த பின்லாந்து நாட்டவர் யூக்கா லெஹ்தோசலோ 'மைபை' என்னும் சோதனைக் கருவியை அமைத்தார். அது நிரலை ஓட்டாமலே படித்து, ஆசிரியர் கட்டுரை திருத்துவது போல, வகைகள் இயைகின்றனவா என்று பார்க்கும். 2015ஆம் ஆண்டு வெளியான 3.5 பதிப்பில் வகைக்குறிப்புகளுக்கு ஒழுங்கான இலக்கணம் அமைந்தது. குறிப்பு எழுதியே தீர வேண்டும் என்னும் கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எழுதிய பகுதி சோதிக்கப்படும்; எழுதாத பகுதி தன் போக்கில் விடப்படும். ஜெரமி சீக், வாலித் தாஹா என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில் 'படிப்படியான வகையமைப்பு' என்று பெயரிட்டு விளக்கிய முறை இதுவே.

இங்கே ஒரு செய்தியை மாணவர்கள் அழுத்தமாக நினைவிற்கொள்ள வேண்டும். பைத்தான் நிரல் ஓடும்போது இக்குறிப்புகளை மதிப்பதேயில்லை. 'எண்' என்று குறித்த இடத்தில் எழுத்தை அனுப்பினாலும் அது பேசாமல் பெற்றுக்கொள்ளும். ஆகவே வகைக்குறிப்பு என்பது வாயிற்காவலன் அன்று; வாயிலில் தொங்கும் அறிவிப்புப் பலகை. பலகையில் எழுதியிருப்பது உண்மையாயின் வருவோர்க்கு நன்மை. பொய்யாயின், பலகையே இல்லாதிருப்பதைக் காட்டிலும் அது கேடு. ஏனெனில் படிப்பவர் அதனை நம்பிவிடுகிறார்.

சரி, பல இலட்சம் வரிகளுக்கு இக்குறிப்புகளை யார் எழுதுவது? மனிதர் உட்கார்ந்து எழுதினால் ஆண்டுகள் ஆகும். இதனைப் பொறியே செய்யலாகாதா என்னும் கேள்வி இயல்பாக எழுந்தது. இதற்கு விடைகாண முனைந்தோர் வெவ்வேறு வழிகளில் சென்றனர்.

பழைமையானது ஊகித்தறியும் வழி. நிரலை ஓட்டாமல், அதன் சொற்களிலிருந்தே தருக்க முறையில் வகையை வருவிப்பது. ரோஜர் ஹிண்ட்லி 1969இலும், ராபின் மில்னர் 1978இலும் தனித்தனியே கண்ட முறை இதற்கு அடிப்படை. மில்னர் எடின்பரோவில் உருவாக்கிய எம்.எல். என்னும் மொழியில், நிரலாளர் ஒரு குறிப்பும் எழுதாவிடினும் பெரும்பாலும் எல்லா வகைகளையும் பொறியே கண்டுபிடித்துவிடும். கணக்கில் தெரியாத எண்ணைச் சமன்பாடுகளால் காண்பது போன்றது அது. அவருக்கு 1991ஆம் ஆண்டு டூரிங் பரிசு கிடைத்ததற்கு உரிய காரணங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் எம்.எல். அதற்கென்றே கட்டுக்கோப்பாக அமைக்கப்பட்ட மொழி. பைத்தானிலோ கூட்டற்குறி எண்ணைக் கூட்டும், சொல்லை ஒட்டும், பட்டியலை இணைக்கும். 'அ கூட்டல் ஆ' என்று மட்டும் எழுதியிருந்தால், அ என்பது என்ன வகை என்று எவ்வளவு தருக்க அறிவு உடையவரும் உறுதியாகச் சொல்ல இயலாது.

ஊகித்தறிய இயலாவிடின் கண்டறியலாமே என்று எண்ணினர் வேறு சிலர். இந்த இரண்டாம் வழியையே நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2017ஆம் ஆண்டில் டிராப்பாக்ஸ் நிறுவனத்தார் 'பை-அன்னோட்டேட்' என்னும் கருவியையும், இன்ஸ்டாகிராம் நிறுவனத்தார் 'மங்கி-டைப்' என்னும் கருவியையும் வெளியிட்டனர். இரண்டின் கருத்தும் ஒன்றே. நிரலை ஓடவிட்டு அருகில் ஓர் எழுத்தரை அமர்த்துவது. பைத்தானில் ஒவ்வொரு செயற்கூறும் அழைக்கப்படும்போதும் அது விடை தந்து மீளும்போதும் அறிவிக்கச் சொல்லும் வசதி ஒன்று உண்டு. மங்கி-டைப் அவ்வசதியைப் பற்றிக்கொண்டு, 'இச்செயற்கூற்றினுள் சென்றது எண். வெளிவந்தது எழுத்து' என்று ஒவ்வோர் அழைப்பையும் ஒரு சிறு தரவுக்கோப்பில் பதிகிறது. ஓட்டம் முடிந்தபின் அப்பதிவுகளைத் தொகுத்து, செயற்கூறுதோறும் வகைக்குறிப்பை எழுதித் தருகிறது. நாம் விரும்பினால் மூல நிரலிலேயே அக்குறிப்புகளைச் செருகியும் விடுகிறது. நம் முன்னோர் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஆராய்ந்த பின்னரே இலக்கணம் வகுத்தனர் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். ஏறத்தாழ அதே நெறிதான். முன்னே வழக்கு, பின்னே விதி.

வியக்கத்தக்க கருவிதான், ஐயமில்லை. எனினும் அதன் கண் எதுவரை செல்லும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். பள்ளி மதிப்பெண் பதிவேட்டைக் காட்டிலும் இதற்கு ஏற்றது எனக்குத் தோன்றவில்லை.

எழுத்துத் தேர்வு மதிப்பெண், செய்முறைத் தேர்வு மதிப்பெண் ஆகிய இரண்டையும் பெற்று மொத்தத்தைத் தருவதற்கு ஒரு செயற்கூறு இருப்பதாகக் கொள்வோம். 'மொத்தம்' என்பது அதன் பெயர். தேர்வுக்கு வராத மாணவர்க்கு மதிப்பெண் இல்லை. பைத்தானில் அதற்கென்றே 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் ஒரு தனி மதிப்பு உண்டு. அது சுழி அன்று. ஆதலால் நிரலை எழுதியவர் முதல் வரியிலேயே, 'இரண்டில் எதுவேனும் ஒன்றுமில்லை எனின், மொத்தமும் ஒன்றுமில்லை' என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரியில்தான் கூட்டல்.

இனி, கருவியை ஓட்டுகிறோம். நாம் தேர்ந்தெடுத்த நாளின் பட்டியலில் நாற்பது மாணவரும் தேர்வெழுதியிருக்கின்றனர். நாற்பது முறை அழைப்பு, நாற்பது முறையும் உள்ளே சென்றவை எண்கள், வெளிவந்ததும் எண். கருவி குறிப்பெழுதுகிறது: 'பெறுவன எண், எண், தருவது எண்.' அது கண்டதில் பொய்யே இல்லை. நேர்மையான சாட்சி. ஆயினும் அது எழுதிய குறிப்பு பிழையானது. அன்று நடந்தது இதுவே என்பதை, என்றும் நடப்பது இதுவே என்று அது எழுதிவிட்டது.

இதனால் என்ன கெடும் என்று கேட்கலாம். சில திங்கள் கழித்துப் புதிதாக வந்த நிரலாளர் ஒருவர் இச்செயற்கூற்றைப் படிக்கிறார். தலைப்பில் 'எண்' என்று தெளிவாக இருக்கிறது. அங்ஙனமாயின் 'ஒன்றுமில்லை எனின்' என்னும் வரி எதற்கு? நடவாத ஒன்றுக்கு ஒரு வரி வீண் என்று கருதுகிறார். மைபை கருவியிலும், ஒருபோதும் அடையப்படாத வரிகளைச் சுட்டிக்காட்டுமாறு பணிக்கும் விருப்பத் தேர்வு ஒன்று உண்டு. அதுவும் குறிப்பை நம்பி, 'ஆம், இவ்வரியை அடைய வழியில்லை' என்கிறது. அவர் வரியை நீக்குகிறார். அரையாண்டுத் தேர்வன்று ஒரு மாணவி காய்ச்சலால் வரவில்லை. பட்டியல் தயாரிக்கும் நேரத்தில் நிரல் நின்றுவிடுகிறது. முடிவு வெளியிட வேண்டிய அவசரத்தில் எவரேனும் 'ஒன்றுமில்லை' இருக்கும் இடத்தில் சுழியை இட்டு ஓட்டிவிடுகின்றனர். இப்போது அம்மாணவி தேர்வுக்கு வராதவள் அல்லள். தேர்வெழுதி ஒரு மதிப்பெண்ணும் பெறாதவள்.

பல்லாண்டு பதிவேடுகளில் கையெழுத்திட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்விரண்டும் ஒன்றல்ல. வராதவர்க்கு மறுதேர்வு உண்டு. சுழி பெற்றவர்க்கு அறிவுரைதான் உண்டு. வகுப்பின் சராசரியும் இறங்கிப்போகும். நான் பணிபுரிந்த இடம் ஒன்றில், வராதவர் கட்டத்தில் சுழியாகவே அச்சாகி வந்த பட்டியலை நான் கண்டிருக்கிறேன். கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதனைக் கொண்டுவந்தவர் சொன்னார். பெற்றோர் வந்து கேட்கும் வரையில் அதுவே உண்மையாக இருந்தது.

கண்டெழுதும் முறைக்கு உள்ள குறை இதனோடு முடியவில்லை. ஒரு செயற்கூற்றுக்கு அன்று வெறும் பட்டியல் மட்டுமே வந்திருந்தால், அது எதனுடைய பட்டியல் என்று கருவி எவ்வாறு அறியும்? வெற்றுக் கூடையைப் பார்த்து அது மாங்காய்க் கூடையா, முருங்கைக்காய்க் கூடையா என்று சொல்வது எப்படி? இனி, சோதனைகளை ஓட்டிப் பதிவு செய்தாலோ, அங்கே மெய்யான பொருளுக்குப் பதிலாகச் சோதனைக்கென்று புனைந்த போலிப் பொருள்கள் நிற்கும். கருவி அப்போலியின் வகையையே எழுதிவைக்கும். வேறொரு நுட்பமும் உண்டு. மாணவர் பெயர்களை வரிசையாகப் பெறும் செயற்கூறு எவ்வகை வரிசையையும் ஏற்கக்கூடியதாய் இருக்கும். அன்று வந்தது பட்டியல் என்பதனால் 'பட்டியல் மட்டுமே' என்று கருவி குறுக்கிவிடும். முன்னது உள்ளதை விட்டது. இது இல்லாத வேலியைப் போட்டது.

இதற்கு நேர்மாறாக, ஓரிடத்தில் பல வகைப் பொருள்கள் வந்துவிட்டால், 'இதுவோ, அதுவோ, மற்றதோ' என்று கருவி அடுக்கிக்கொண்டே போகும். மங்கி-டைப் கருவியின் இயல்பான அமைப்பில் அவ்வடுக்கு ஐந்தைக் கடந்தால், அடுக்குவதை விட்டு 'எதுவும் ஆகலாம்' என்று எழுதிவிடும். நம் இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டல்லவா? ஒருவன் தன் பசுவை, அன்பினால் 'என் அம்மை வந்தாள்' என்றால் அது திணைவழு. ஆயினும் காரணம் பற்றி அமைத்துக்கொள்கிறோம். 'எதுவும் ஆகலாம்' என்பதும் அத்தகைய அமைதியே. வேறுபாடு ஒன்றுதான்: இலக்கணத்தார் காரணம் காட்டியே அமைதி தருவர், கருவி எண்ணிக்கை மிகுந்ததனால் தருகிறது. அமைதி பெற்ற இடத்தில் சோதனைக் கருவி எதனையும் குறை சொல்லாது. அப்படிப்பட்ட இடங்கள் பெருகினால் நிரல் முழுதும் குறிப்புகளால் நிறைந்தது போலத் தோன்றும். சோதனை மட்டும் நடந்திராது.

இவற்றையெல்லாம் அக்கருவிகளைச் செய்தோர் மறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தம் கருவி தருவது முதல் வரைவே, நிரலாளர் பார்த்துத் திருத்துவதற்குரியது என்றே மங்கி-டைப் ஆசிரியர்கள் அதன் முகப்புக் குறிப்பில் எழுதியுள்ளனர். டிராப்பாக்ஸ் நிறுவனத்தார் தம்முடைய நாற்பது இலட்சம் வரி நிரலை வகைச்சோதனைக்கு உட்படுத்திய கதையை 2019இல் வெளியிட்டனர். ஓட்டிப் பார்த்து வகை திரட்டுவது மெதுவாக இருந்தது, கிடைத்த குறிப்புகளையும் கையால் மிகவும் செப்பனிட வேண்டியிருந்தது, ஆதலால் அக்கருவி தம்மிடையே பரவலாகப் பயன்படவில்லை என்று அதில் ஒளிவின்றி எழுதினர். தாம் செய்த கருவியைப் பற்றித் தாமே இவ்வாறு எழுதும் நிறுவனங்கள் மிகுதி அல்ல.

மூன்றாவதாக ஒரு வழி அண்மையில் வளர்ந்திருக்கிறது. பிறர் எழுதிய ஏராளமான நிரல்களைப் பொறிக்குக் கற்பித்து, பெயரையும் சூழலையும் கொண்டு வகையை மதிப்பிடச் செய்வது. 'பெயர்' என்றிருந்தால் எழுத்தாக இருக்கும், 'எண்ணிக்கை' என்றிருந்தால் எண்ணாக இருக்கும். 2018இல் வந்த 'டீப்-டைப்பர்' என்னும் ஆய்வு இவ்வழியது. 2020இல் வந்த 'டைப்ரைட்டர்' என்னும் ஆய்வு இன்னும் ஓரடி முன்சென்று, மதிப்பிட்ட வகைகளைச் சோதனைக் கருவியிடம் தந்து, இயையாதனவற்றைத் தள்ளியது. இன்று உரையாடும் பெருமொழிப் பொறிகளிடம் கேட்டால் நொடியில் குறிப்பெழுதித் தருகின்றன. நம் எடுத்துக்காட்டில் இருந்த 'ஒன்றுமில்லை எனின்' என்னும் வரியைப் படித்துப் பொருளுணர்ந்து, 'எண் அல்லது ஒன்றுமில்லை' என்று எழுதவும் அவை வல்லன. ஆனால் அந்த வரியே இல்லாதிருந்தால்? வராத மாணவர் என்று ஒருவர் உண்டு என்பது நிரலில் எங்கும் எழுதப்படாதிருந்தால், இயைபை மட்டும் பார்க்கும் சோதனைக் கருவி அதனைத் தானாகச் சொல்லாது. அது பள்ளியில் இருக்கும் செய்தி; நிரலில் இருப்பதன்று.

ஆகவே இக்கருவிகளை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. நானே என் சிறு நிரல்களில் மங்கி-டைப்பை ஓட்டுகிறேன். முதலில் அதனை எழுதவிட்டு, பின்னர் அதன் வரைவை ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். படிக்கும்போது எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இங்கே வரக்கூடியது, ஆனால் அன்று வராதது எது? 'மொத்தம்' என்னும் செயற்கூற்றில் அதற்கு விடை உடனே தெரிகிறது. கருவி எழுதிய 'எண்' என்பதை அடித்து, 'எண் அல்லது ஒன்றுமில்லை' என்று என் கையால் எழுதுகிறேன். ஒரே ஒரு சொற்றொடர்தான். அதன்பின் மைபையை ஓட்டினால் நான் தொடாத வேறு இடங்களில் குறை தோன்றத் தொடங்குகிறது. சராசரி காணும் செயற்கூறு, மொத்தம் எப்போதும் எண்ணாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கூட்டுகிறது. தரவரிசை இடும் பகுதி, ஒன்றுமில்லாததை எண்ணோடு ஒப்பிட்டுப் பெரிது சிறிது பார்க்க முயல்கிறது. பைத்தான் மூன்றாம் பதிப்பில் அவ்வொப்பீடு செல்லாது. இவ்விரண்டிலும் வராத மாணவரை ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை. சராசரியில் அவரைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். தரவரிசையில் அவர் பெயரைப் பட்டியலின் இறுதியில், எண் இடாமல், 'வரவில்லை' என்று தனியே அச்சிட வேண்டும்.